ஸ்ப்ளிட் ராக் கலங்கரை விளக்கம்: ஒளி நின்ற பிறகு தொடங்கிய வேலை

மழை விட்ட மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால்தான் ஒரு பழைய கலங்கரை விளக்கத்தின் உண்மையான உடம்பு தெரியும். வெயில் நாளில் எல்லாச் சுவரும் நன்றாகத்தான் இருக்கும். கையில் ஒரு டார்ச், ஒரு நோட்டு, ஒரு பென்சில் போதும். டார்ச்சைச் சுவருக்கு நேராகப் பிடிக்காமல், சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். அப்போது உப்பிய பூச்சும் பொரிந்த செங்கல்லும் நிழல் விழுந்து தனியே தெரியும். எங்கே ஈரம், எங்கே காய்ந்த நீர்க்கோடு, எங்கே துருக்கறை என்று குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலிருந்தும் மேல்நோக்கிக் கண்ணை ஓட்ட வேண்டும். தண்ணீர் உள்ளே வந்த இடம் பெரும்பாலும் கறைக்கு மேலேதான் இருக்கும். சில சமயம் பத்தடி தள்ளி, உச்சியில் உள்ள விளக்கறைத் தளத்தின் விளிம்பில் இருக்கும்.

இங்கே சொல்லப்போகிற எல்லாவற்றுக்கும் எடுத்துக்காட்டாக நிற்பது ஸ்ப்ளிட் ராக் கலங்கரை விளக்கம். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், சுப்பீரியர் ஏரியின் வடகரையில் இருக்கிறது. ஏரி என்றதும் மறுகரை தெரியும் என்று நினைத்துவிடக் கூடாது. சுமார் 82,000 சதுர கிலோமீட்டர் விரிந்த தண்ணீர் அது. ஆழமான இடத்தில் 400 மீட்டரைத் தாண்டும். நன்னீர் என்பதால், கடலோரக் கட்டடங்களை அரிக்கும் உப்புக்காற்று இங்கே இல்லை. ஆனால் பனிக்காலம் இருக்கிறது. சுவருக்குள் போன தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கும். பகலில் உருகும், இரவில் மறுபடி உறையும். கடற்கரையில் உப்பு பல ஆண்டுகளில் செய்யும் நாசத்தை இங்கே பனி சில குளிர்காலங்களில் செய்துவிடும். தண்ணீர் எப்படி நுழைகிறது, நுழைந்தது எப்படி வெளியேறுகிறது என்ற கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டால், கட்டடத்தைப் பற்றிய மற்ற முடிவுகள் அதிலிருந்தே வரும்.

புயலில் பிறந்த கட்டடம்

1905 நவம்பர் 28 அன்று வீசிய புயலில் 29 கப்பல்கள் உடைந்தோ சேதமடைந்தோ போயின. டுலூத் துறைமுக வாயிலில் மோதி நின்ற 'மட்டாஃபா' கப்பலின் பெயராலேயே அந்தப் புயலை இன்றும் சொல்கிறார்கள். ஊர் மக்கள் கரையில் கூடி நின்று பார்த்துக்கொண்டிருக்க, அந்தக் கப்பலில் 9 பேர் குளிரில் உயிர்விட்டார்கள். அதே புயலில் 'வில்லியம் எடன்பார்ன்' என்ற கப்பலும் அது இழுத்துவந்த 'மடெய்ரா' என்ற கப்பலும் ஸ்ப்ளிட் ராக் பக்கம் கரையில் அடிபட்டன. மடெய்ரா, கோல்ட் ராக் என்ற செங்குத்துப் பாறையில் மோதி உடைந்தது. ஃப்ரெட் பென்சன் என்ற மாலுமி கயிற்றோடு பாறைமேல் தாவி ஏறி, மற்றவர்களை மேலே கொண்டுவந்தார். இருந்த 10 பேரில் ஒருவரை மட்டும் காப்பாற்ற முடியவில்லை.

இரும்புத்தாது ஏற்றும் கப்பல்கள் நெருக்கமாக ஓடிய வழி அது. கப்பல் முதலாளிகள் அரசை நெருக்கினார்கள். 1907இல் அமெரிக்க நாடாளுமன்றம் 75,000 டாலர் ஒதுக்கியது. ரால்ஃப் ரஸல் டிங்கம் என்ற பொறியாளர் வடிவமைத்தார். வேலை 1909இல் தொடங்கியது. அப்போது அந்தப் பக்கம் சாலையே கிடையாது. செங்கல், சிமென்ட், எஃகு எல்லாம் தண்ணீர் வழியாக வந்து, சுமார் 130 அடி உயரச் செங்குத்துப் பாறையின்மேல் நீராவிப் பாரந்தூக்கியால் ஏற்றப்பட்டன. கோபுரம் வெறும் 54 அடிதான். உயரத்தைப் பாறையே கொடுத்துவிட்டது. எண்கோண வடிவம், உள்ளே எஃகுச் சட்டகம், வெளியே செங்கல், ஓரங்களில் கான்கிரீட், அடியில் பாறையோடு பொருத்திய கான்கிரீட் அடித்தளம். இந்தப் பொருள் வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1910 ஜூலை 31 அன்று விளக்கு ஏற்றப்பட்டது. அந்த ஆண்டு அக்டோபரிலேயே, தபால் எடுக்கப் படகில் போன, விளக்கைக் கவனிக்கும் இரண்டு உதவிக் காவலர்கள் ஏரியில் மாண்டார்கள். 1924இல் சாலை வந்தது. 1940இல் மின்சாரம் வந்து 1000 வாட் பல்பு பொருத்தப்பட்டது. கப்பல்களில் ராடாரும் ரேடியோ வழிகாட்டியும் பெருகிய பிறகு விளக்குக்கு வேலை குறைந்தது, 1969இல் அணைத்தார்கள். 1971இல் மாநில அரசு எடுத்துக்கொண்டது. 1976 முதல் மினசோட்டா வரலாற்றுக் கழகம் பராமரிக்கிறது. 2011இல் தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற தகுதி கிடைத்தது.

இதில் கவனிக்க வேண்டியது, அணைத்ததற்கும் கைமாறியதற்கும் இடையில் இருந்த காலம் குறைவு என்பது. எத்தனையோ கலங்கரை விளக்கங்கள் அணைந்தபின் பத்து இருபது ஆண்டுகள் பூட்டியே கிடந்து, லென்ஸ் கழற்றப்பட்டு, ஜன்னலுக்குப் பலகை அடிக்கப்பட்டு, உள்ளிருந்தே அழுகின. ஸ்ப்ளிட் ராக்கில் லென்ஸ், அதைச் சுழற்றும் கடிகாரப் பொறி, பனிமூட்ட ஒலிக்கட்டடம், எண்ணெய்க் கிடங்கு, மூன்று காவலர் வீடுகள் எல்லாம் ஒரே இடத்தில் நிற்கின்றன. இந்த முழுமைதான் அதன் உண்மையான மதிப்பு. கோபுரம் மட்டும் மிஞ்சியிருந்தால் ஓர் அழகான தூண் மிஞ்சியிருக்கும், அவ்வளவுதான்.

பூட்டியதால் வரும் ஓதம்

பழைய கலங்கரை விளக்கம் மூச்சு விடும்படி கட்டப்பட்டது. தொடக்கத்தில் எரிந்தது மண்ணெண்ணெய் ஆவி விளக்கு. பெட்ரோமாக்ஸ் எரிகிற அதே முறைதான்: காற்றழுத்தத்தில் மேலேறும் எண்ணெய் சூட்டில் ஆவியாகி மேன்டிலை வெண்மையாக ஒளிரவைக்கும். ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமான தண்ணீர் நீராவியாக வெளிவரும். அந்த நீராவி குளிர்ந்த கண்ணாடியில் படிந்தால் ஒளி மங்கும், பனிக்காலத்தில் உறைந்தே போகும். ஆகவே விளக்கறையின் கீழ்ச்சுவரில் திறந்து மூடும் காற்றுத்துளைகளும், கூரை உச்சியில் புகைபோக்கி உருண்டையும் வைத்தார்கள். காற்றடிக்கும் பக்கத்தை மூடி மறுபக்கத்தைத் திறப்பது காவலரின் அன்றாட வேலை.

மின்சாரம் வந்ததும் இந்தத் துளைகள் எதற்கு என்ற எண்ணம் வரும். விளக்கு அணைந்ததும் அந்த எண்ணம் முடிவாகவே ஆகிவிடும். பெயின்ட் அடித்து ஒட்டிப்போன காற்றுத்துளைகள், பறவை வராமலிருக்கத் தகரம் வைத்து அடைத்த உருண்டை, சிலிக்கான் தடவி மூடிய கதவிடுக்கு. இவற்றில் ஒவ்வொன்றும் நல்லெண்ணத்தில் செய்ததுதான். விளைவு, உள்ளே ஏறிய ஈரம் வெளியே போக வழியில்லாமல் சுவரில் ஓதமாகத் தங்கும், உட்பூச்சு உப்பும், இரும்புப் படியின் அடிப்பக்கம் துருப்பிடிக்கும்.

எந்தப் பழுதுபார்ப்புக்கும் முன்னால் செய்ய வேண்டிய செலவில்லாத வேலை, இந்தக் காற்றோட்டத்தைத் திருப்பிக் கொண்டுவருவது. ஒட்டிப்போன துளை மூடிகளை நெருப்பு வைத்துச் சூடாக்கக் கூடாது. பழைய பெயின்டில் ஈயம் இருக்கும், புகை விஷம். இடுக்கில் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவைத்து, மரச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் பெரும்பாலும் விடும். பறவைக்காக நுண்வலை போதும், தகரம் வேண்டாம். கீழே ஒரு திறப்பும் மேலே ஒரு திறப்பும் இருந்தால் கோபுரமே புகைபோக்கி போல இழுக்கும், மின்விசிறி தேவைப்படாது. மழைச்சாரல் புகாதபடி சாய்தகடு மட்டும் சரியாக இருக்க வேண்டும்.

செங்கல்லும் சாந்தும்

பெரிய ஏரிகளின் கரையில் செங்கல் கோபுரங்கள் படும் பாட்டுக்கு இரண்டு பழைய சாட்சிகள் உண்டு, இரண்டும் மிச்சிகன் ஏரிக்கரையில். பிக் சேபிள் பாயிண்ட் கோபுரம் 1867இல் கட்டப்பட்டது. செங்கல் அரித்துப்போனதால் 1900இல் கோபுரம் முழுவதையும் எஃகுத் தகடுகளால் சுற்றி, இடைவெளியில் கான்கிரீட் நிரப்பினார்கள். எவன்ஸ்டனில் உள்ள குரோஸ் பாயிண்ட் 1873ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1914இல் அதற்குக் கான்கிரீட் சட்டை போட்டார்கள். இரண்டும் இன்றும் நிற்கின்றன, ஆகவே அந்த முடிவைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சட்டை போட்டபின் உள்ளே செங்கல் என்ன ஆகிறது என்று பார்க்க வழியில்லை. இன்று அந்த வழிக்குப் போவதற்கு முன்னால் முயல வேண்டிய எளிய வழிகள் பல இருக்கின்றன. அவற்றில் முதலாவது, சாந்தைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது.

பழைய செங்கல் சுவரில் சாந்து செங்கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும். காரணம் எளிது. சுவர் வெப்பத்தில் விரிந்து குளிரில் சுருங்கும்போது அந்த அசைவை ஏதாவது ஒன்று தாங்க வேண்டும். உள்ளே போன ஈரமும் ஏதாவது ஒன்றின் வழியாக வெளியேற வேண்டும். சுண்ணாம்பு கலந்த மென்சாந்து இந்த இரண்டையும் செய்து, முப்பது நாற்பது ஆண்டுகளில் தானே உதிர்ந்து, மறுபடி பூசச் சொல்லும். செங்கல் தப்பிக்கும். கெட்டியான சிமென்ட் சாந்தை வைத்தால் ஈரம் செங்கல்லின் வழியாகத்தான் போகும். குளிரில் அது உறைந்து, செங்கல்லின் முகமே தகடு தகடாகப் பெயர்ந்து விழும். சுட்ட செங்கல்லின் வெளிப்புறம்தான் கெட்டி. அது போனால் உள்ளிருக்கும் மென்மையான பகுதி வேகமாகக் கரையும். சாந்து அப்படியே நிற்க, அதைச் சுற்றிச் செங்கல் குழிந்திருக்கும் சுவரைப் பார்த்தால் அங்கே சிமென்ட் பூசியிருக்கிறார்கள் என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம்.

பழைய சாந்து என்ன என்று தெரிந்துகொள்ள, யாரும் கைவைக்காத இடத்திலிருந்து ஒரு கைப்பிடிக் கட்டி எடுத்து, நொறுக்கி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட வேண்டும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். அமிலத்தைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. சுண்ணாம்பு பொங்கிக் கரையும், மணல் அடியில் தங்கும். மணலைக் கழுவி உலர்த்திச் சலித்துப் பார்த்தால் நிறமும் பருமனும் தெரியும். சுவரின் நிறத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த மணல்தான். மணலே சுண்ணாம்புக்கல் பொடியாக இருந்தால் அதுவும் சேர்ந்து கரைந்துவிடும். அப்போது இந்தச் சோதனை பயன்படாது, ஆய்வுக்கூடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்.

செங்கல் இடுக்குகளில் பழைய சாந்தை எடுத்துப் புதியதை வைக்கும் பாயிண்டிங் வேலையில் கெட்டுப்போவது பெரும்பாலும் சுரண்டும்போதுதான். இடுக்கின் அகலத்தைப் போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு ஆழத்துக்குப் பழைய சாந்தை எடுக்க வேண்டும். 10 மில்லிமீட்டர் இடுக்கானால் 20 முதல் 25 மில்லிமீட்டர். அதற்குக் குறைவாக எடுத்து மேலே தடவினால் இரண்டு குளிர்காலத்தில் பட்டையாகக் கழன்று வந்துவிடும். மின்சார அறுப்பான் மட்ட இடுக்குகளில் தேர்ந்த கைக்குக் கட்டுப்படும். செங்குத்து இடுக்கில் அந்த வட்டத்தகடு மேலும் கீழும் உள்ள செங்கல்லைக் கீறாமல் நிற்காது. அங்கே கை உளியும் சிறு சுத்தியலும்தான். உளியின் அகலம் இடுக்கின் பாதியளவு இருந்தால் செங்கல் ஓரம் உடையாது. எல்லா இடுக்கையும் சுரண்டுவதும் தவறு. சாவி முனையால் கீறிப் பார்த்து, பொடியாக உதிர்கிற இடத்தை மட்டும் எடுத்தால் போதும். நூறாண்டு நின்ற நல்ல சாந்தை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பதில் எந்த லாபமும் இல்லை.

மென்மையான பழைய செங்கல்லுக்குப் பொதுவாகப் பொருந்தும் கலவை ஒரு பங்கு சிமென்ட், இரண்டு பங்கு சுண்ணாம்பு, ஒன்பது பங்கு மணல், கன அளவில். செங்கல் கெட்டியாகவும் காற்று மழைக்கு நேராகவும் இருந்தால் ஒன்றுக்கு ஒன்றுக்கு ஆறு வரை போகலாம். அதற்கு மேல் கெட்டிப்படுத்த வேண்டாம். முதலில் உலர்கலவையில், கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் அளவு மட்டும் தண்ணீர் தெளித்து ஒன்று முதல் இரண்டு மணி நேரம் விட வேண்டும். பிறகு மீதித் தண்ணீரைச் சேர்த்துப் பிசைந்தால் காயும்போது சுருங்கி வெடிப்பது குறையும். சுவரை நனைத்துவிட்டு, மேற்பரப்பில் தண்ணீர் மினுங்காத நிலையில் வேலையைத் தொடங்கலாம். 6 மில்லிமீட்டர் கனத்துக்கு ஓர் அடுக்கு. கட்டை விரலை அழுத்தினால் ரேகை மட்டும் பதியும் அளவு இறுகியதும் அடுத்த அடுக்கு. ஒரே தடவையில் அமுக்கி நிரப்பினால் உள்ளே வெற்றிடம் விழும், அங்கேதான் தண்ணீர் தங்கி உறையும். ஓரம் மழுங்கிய பழைய செங்கல்லில் சாந்தை முகம் வரை கொண்டுவந்து இழுத்துத் தேய்க்காமல் சற்று உள்ளடக்கி முடிக்க வேண்டும். முகத்தில் மெல்லிய ஏடாகப் படிந்த சாந்து முதல் பனியிலேயே பெயர்ந்துவிடும்.

பூசியபின் குறைந்தது மூன்று நாள் ஈரக் கோணிச்சாக்கு தொங்க வேண்டும். ஏரிக்காற்று சாந்தை ஒரே மதியத்தில் உலர்த்திவிடும். வேகமாக உலர்ந்த சாந்து பொடியாகிவிடும். வெப்பம் 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகிற இரவுகளில் வேலை செய்யவே கூடாது. வடகரையில் இதற்கு ஏற்ற காலம் கோடையில் சில மாதங்கள்தான். ஆகவே சாரம் கட்டும் நாளைத் தீர்மானித்துவிட்டுச் சாந்துப் பரிசோதனையைத் தொடங்காதீர்கள். பரிசோதனையும் மாதிரிப் பூச்சும் முந்தைய கோடையிலேயே முடிந்திருக்க வேண்டும். மாதிரி ஒரு குளிர்காலத்தைத் தாங்கியதைப் பார்த்துவிட்டு முழு வேலைக்குப் போவது மிகப் பெரிய பாதுகாப்பு.

நீர்புகாப் பூச்சு விற்க வருகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். வெளியே பளபளப்பான படலம் போட்டால் மழை உள்ளே வராது என்பது உண்மைதான். ஆனால் உள்ளிருந்து வரும் ஈரம், மேல்விளிம்பு வெடிப்பில் இறங்கும் ஈரம் இரண்டும் அந்தப் படலத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு உறையும். செங்கல் சுவருக்கு அதைத் தவிர்த்துவிட்டு, அதே பணத்தை மேல்தளச் சரிவையும் நீர் வடியும் துளைகளையும் சீராக்கச் செலவிடுவது நல்லது. மணல் பீய்ச்சிச் செங்கல்லைச் சுத்தம் செய்யவும் கூடாது. கெட்டியான வெளிமுகம் ஒரு மணி நேரத்தில் போய்விடும்.

சுவருக்குள் ஒளிந்த எஃகு

ஸ்ப்ளிட் ராக் போல எஃகுச் சட்டகத்தின்மேல் செங்கல் கட்டிய கோபுரத்தில் இன்னொரு கவலை உண்டு. தண்ணீர் எஃகை எட்டினால் துரு கட்டும். துரு, எஃகைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். சுவரை உள்ளிருந்து தள்ளும். வெடிப்பின் வடிவத்தை வைத்துக் காரணத்தை ஓரளவு பிரித்தறியலாம். அடித்தளம் இறங்கினால் வெடிப்பு இடுக்குகளைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டு போலச் சாய்வாக ஏறும். உள்ளே எஃகு துருவேறினால் வெடிப்பு அந்த எஃகின் கோட்டிலேயே நேராகப் போகும். செங்கல்லையும் பிளந்துகொண்டு போகும். பக்கத்தில் காவிக்கறை வடிந்திருக்கும். வெடிப்பின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டி வைத்தால், அசைவு இருந்தால் அது உடைந்து சொல்லிவிடும். துருவெடிப்பைச் சாந்தால் அடைப்பது பயனில்லாத வேலை. செங்கல்லை எண் போட்டுக் கழற்றி, எஃகைச் சுத்தம் செய்து, துத்தநாகப் பூச்சு கொடுத்து, தண்ணீர் வந்த வழியை அடைத்த பிறகே செங்கல்லைத் திருப்பி வைக்க வேண்டும்.

உச்சியில் உள்ள விளக்கறை முழுக்க உலோகம். அங்கே பெயின்ட் வேலையில் எல்லோரும் ஏமாறுவது காலை நேரத்தில். உலோகம் தொட்டால் உலர்ந்த மாதிரி இருக்கும், ஆனால் அதன் வெப்பம் பனிநிலையை, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலையை, ஒட்டியே இருக்கும். உலோகத்தின் வெப்பம் பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருந்தால்தான் பெயின்ட் ஒட்டும். ஒரு சிறு வெப்பமானியும் ஈரப்பதமானியும் இதற்குப் போதும். துருவைச் சுரண்டிய அன்றே ப்ரைமர் அடித்துவிட வேண்டும். மறுநாளுக்கு விட்டால் மெல்லிய காவிப்படலம் வந்துவிடும். விளிம்பு, ஆணித்தலை, போல்ட் ஆகியவற்றில் பெயின்ட் தானாகவே மெலிந்து நிற்கும். ஆகவே முழுப் பூச்சுக்கு முன்னால் அந்த இடங்களுக்கு மட்டும் பிரஷ்ஷால் ஒரு தனிக்கோட்டுப் பூச்சு கொடுக்க வேண்டும். இந்த ஒரு பழக்கத்தால் பூச்சின் ஆயுள் கண்கூடாகக் கூடும். பழைய ஈயப் பெயின்டைச் சுரண்டும்போது தரையில் விரிப்பு, மூக்குக்குத் தகுந்த வடிகட்டி முகமூடி, வேலை முடிந்ததும் அந்த உடையோடு வீட்டுக்குப் போகாமை. இவை பேரத்துக்கு உரியவை அல்ல.

வெளிச் சுற்றுவழியில் பனி சேர்ந்தால் உப்பு தூவக் கூடாது. ஏரிக்கரையில் இயற்கையாக இல்லாத உப்பை நாமே கொண்டுபோய் இரும்பிலும் கான்கிரீட்டிலும் சேர்த்தது போல ஆகும். மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன மண்வெட்டியால் தள்ளினால் போதும்.

லென்ஸ் பக்கத்தில் நிற்கும்போது

ஸ்ப்ளிட் ராக்கின் லென்ஸ், பாரிஸில் பார்பியே, பெனார், துரென் நிறுவனம் செய்தது. கோபுரம் இரண்டாம் தர லென்ஸுக்காகத் திட்டமிடப்பட்டது. பணம் மீறிப்போனதால் மூன்றாம் தரத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். மூன்றாம் தரம் என்றால் விளக்கிலிருந்து கண்ணாடி வரை 500 மில்லிமீட்டர். மூடிய சிப்பியின் இரண்டு ஓடுகளைப் போல இரண்டு பாதிகள் முதுகோடு முதுகாக நிற்கும். நடுவில் ஒரு வட்டக் கண், அதைச் சுற்றி வளையம் வளையமாகப் பட்டகங்கள். இருபது விநாடிக்கு ஒரு சுற்று, ஆகவே பத்து விநாடிக்கு ஒரு வீச்சு. அந்தப் பத்து விநாடிதான் மாலுமிக்கு இது ஸ்ப்ளிட் ராக் என்று சொன்ன அடையாளம்.

பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு பட்டகமும் பித்தளைச் சட்டத்தில் நேராக உட்கார்ந்திருக்கவில்லை என்பது தெரியும். இடையில் ஒரு மக்கு இருக்கிறது. ஆளிவிதை எண்ணெயும், சித்த மருந்துக்காரர்கள் மிருதார்சிங்கி என்று சொல்லும் ஈய ஆக்சைடும் சேர்ந்த கலவை அது. கண்ணாடியும் பித்தளையும் வெவ்வேறு அளவில் விரியும். அந்த வேறுபாட்டை மக்கு வாங்கிக்கொள்ளும். நூறாண்டு ஆனால் மக்கு கல்லாகி, வெடித்து, உதிரும். உதிர்ந்த இடத்தில் பட்டகம் பித்தளைமேல் சாய்ந்து, லென்ஸ் சுழலும் ஒவ்வொரு அதிர்விலும் ஓரத்தில் சில்லு பெயரும். லென்ஸின் அடித்தட்டில் வெளிறிய தூளோ கண்ணாடித் துணுக்கோ கிடந்தால் துடைத்துவிடாதீர்கள். எந்தப் பட்டகத்துக்கு நேர் கீழே கிடக்கிறது என்று படமெடுத்த பிறகே எடுக்க வேண்டும். அந்தத் தூளில் ஈயம் இருக்கும், வெறுங்கையால் தொடக் கூடாது. மக்கை மாற்றுவது லென்ஸ் வல்லுநரின் வேலை. கடையில் கிடைக்கும் எப்பாக்ஸியால் ஒட்டிவிட்டால் அடுத்த தலைமுறை அதைக் கண்ணாடி உடையாமல் கழற்ற முடியாது.

துடைப்பது மட்டும் கற்றுக்கொண்டால் செய்யக்கூடியது. மோதிரம், கைக்கடிகாரம், பெல்ட் கொக்கி மூன்றையும் கழற்றிவிட வேண்டும். பழைய காவலர்கள் இதற்காகவே மேலே நூல் அங்கி போட்டுக்கொண்டார்கள். முதலில் மென்மயிர்த் தூரிகையால் உலர்தூசியை நீக்க வேண்டும். தூசியோடு துடைத்தால் கண்ணாடி கீறும். பிறகு காய்ச்சி வடித்த நீரில் மென்சோப்பு சில சொட்டு விட்டு, பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, மேலிருந்து கீழாக ஒவ்வொரு பட்டகமாகத் துடைக்க வேண்டும். லென்ஸின்மேல் நேராகத் தெளிக்கக் கூடாது, தண்ணீர் மக்குக்குள் போய்விடும். அம்மோனியா கலந்த ஜன்னல் துடைப்பான் கூடவே கூடாது. அது பித்தளையை அரித்து வெடிக்க வைக்கும். பித்தளையைப் பளபளவென்று தேய்க்கும் ஆசையையும் அடக்க வேண்டும். பாலிஷின் வெள்ளைப் பொடி இடுக்குகளில் தங்கி ஈரத்தை இழுக்கும். ஒவ்வொரு தேய்ப்பிலும் உலோகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்.

லென்ஸ் பாதரசத் தொட்டியில் மிதக்கும்படி செய்யப்பட்டது. பாதரசம் தண்ணீரைவிடப் பதின்மூன்றரை மடங்கு கனம். ஆயிரம் கிலோ எடை மிதக்க, 74 லிட்டர் அளவு இடத்தை மிதவை பிடித்துக்கொண்டால் போதும். மிதவை தொட்டியின் வடிவத்திலேயே வளையமாக இருந்து, இடைவெளி சில மில்லிமீட்டராக இருக்கும்போது, உண்மையில் ஊற்ற வேண்டிய பாதரசம் அதில் சிறு பகுதிதான். அதனால்தான் அத்தனை கனமான கண்ணாடியும் பித்தளையும் விரலால் தள்ளினாலே சுழலும். எடைக்கல் இறங்கும் கடிகாரப் பொறி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கையால் சுற்றி ஏற்றினால் இரவு முழுவதும் ஓடிவிடும்.

பாதரச ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பழைய காவலர்கள் அதைத் தோல்துணியில் வடிகட்டித் தூசி நீக்கினார்கள். இன்று அப்படிச் செய்ய யாரையும் விடக் கூடாது. பாதரசம் இருக்கும் விளக்கறையில் வேலை தொடங்கும் முன் ஆவியளவைக் கருவியால் அளக்க வேண்டும். சிந்தினால் துடைப்பமும் வேக்குவம் கிளீனரும் எடுக்கக் கூடாது. துடைப்பம் துளியைப் பலவாக்கும், வேக்குவம் அதை ஆவியாக்கி அறை முழுக்கப் பரப்பும். ஆட்களை வெளியேற்றி, ஜன்னலைத் திறந்து, பயிற்சி பெற்றவர்களை அழைப்பதுதான் வழி. பல கலங்கரை விளக்கங்களில் பாதரசத்தை அகற்றிவிட்டு உருளைத் தாங்கி பொருத்தியிருக்கிறார்கள். பார்வையாளர் கூட்டமாக வரும் இடத்தில் அது நியாயமான முடிவு. ஆனால் பழைய தொட்டியையும் மிதவையையும் குப்பைக்கு அனுப்பாமல், படம் எடுத்து, அளவெடுத்து, பாதுகாப்பாக வைக்க வேண்டும்.

இது இன்னொரு பெரிய முடிவோடு சேர்ந்தது. எந்த ஆண்டின் தோற்றத்தைக் காப்பது? ஸ்ப்ளிட் ராக்கை 1920களில் இருந்த மாதிரி மீட்டிருக்கிறார்கள். சாலை வந்து, சுற்றுலா தொடங்கி, மின்சாரம் வராத காலம். தெளிவான முடிவு. அதன் விலை, பின்னால் வந்த பொருள்கள் காட்சியிலிருந்து விலகுவது. அவற்றைக் களஞ்சியத்தில் வைத்திருக்கும் வரை அந்த விலை தாங்கக்கூடியதுதான்.

லென்ஸைப் பற்றிக் கடைசியாக, பலர் நினைத்தே பார்க்காத ஒன்று. விளக்கின் ஒளியை இணைகதிராக்கி வெளியே அனுப்பும் கண்ணாடி, வெளியிலிருந்து வரும் இணைகதிரைக் குவித்து உள்ளே அனுப்பவும் செய்யும். சூரிய ஒளி இணைகதிர்தான். அது விளக்கின் இடத்தில் குவிந்தால் பல்பின் பிடிப்பைக் கருக்கும், துணி இருந்தால் தீப்பிடிக்கும், மக்கை உலர்த்தும். காவலர்கள் விடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டு விளக்கறையைச் சுற்றித் திரை போட்டது இதனால்தான். விளக்கு எரியாத அருங்காட்சியகத்திலும் அந்தத் திரை தேவை. பார்வையாளருக்காகத் திறந்து வைக்கும் நேரத்தில்கூடச் சூரியன் இருக்கும் பக்கத்துத் திரை விழுந்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு ஆண்டும் நவம்பர் 10 அன்று ஸ்ப்ளிட் ராக்கில் விளக்கு ஏற்றப்படுகிறது. 1975இல் அதே நாளில் சுப்பீரியர் ஏரியில் மூழ்கிய எட்மண்ட் ஃபிட்ஜெரால்ட் கப்பலின் 29 பேரையும் பெயர் சொல்லி, மணியடித்து நினைவுகூர்கிறார்கள். இப்படி ஆண்டுக்கு ஒருமுறை ஒரு பழைய பொறியை இயக்குபவர்கள் ஒரு வாரம் முன்பே கடிகாரப் பொறியைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். எடைக்கம்பியில் பிரிந்த இழை இருக்கிறதா என்று துணியை ஓடவிட்டுச் சோதிக்க வேண்டும். குளிர்ந்த விளக்கறையை ஹீட்டர் போட்டு அவசரமாகச் சூடேற்றக் கூடாது, கண்ணாடியெங்கும் நீர்முத்து படிந்துவிடும். ஒரே நேரத்தில் நான்கைந்து பேருக்கு மேல் உள்ளே விட்டாலும் மூச்சுக்காற்றே அதைச் செய்யும். இருட்டியபின் திரையை விலக்கி, விளக்கை ஏற்றி, நிகழ்ச்சி முடிந்து எல்லோரும் இறங்கிப் போனபின், கடைசியாக இறங்குகிறவர் திரையைத் திரும்ப இழுத்து மூடிவிட்டுத்தான் போக வேண்டும். மறுநாள் காலைச் சூரியன் ஏரிப்பக்கத்திலிருந்து நேராக லென்ஸின்மேல் எழும்.